திண்ம லேசரின் ஒளி ஏன் நிலையாக நிற்பதில்லை? திருகோணமலையிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

இந்தப் பக்கம் லேசரை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கும் லேசரைப் படிப்பவர்களுக்கும் பொதுவானது. நகரில் நகை ஒட்டுகிறவர்கள், தகட்டில் பெயர் பொறிக்கிறவர்கள், உப்புவெளிப் பக்கம் நினைவுப்பொருள் செய்து விற்கிறவர்கள், கோணேசபுரி வளாகத்துப் பிள்ளைகள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: நேற்று இருந்த பவர் இன்றைக்கு எங்கே போனது? பதில்கள் மட்டும் ஒன்றல்ல. இது பாடப்புத்தக ஒழுங்கில் எழுதப்படவில்லை. இந்த ஊர்க் காற்றிலும் வெயிலிலும் எது அடிக்கடி தொல்லை தருகிறதோ அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்தெந்த மெஷின் இதற்குள் வரும்?

ஒளியைப் பெருக்கும் பொருள் பளிங்காகவோ கண்ணாடியாகவோ இருந்தால் அது திண்ம லேசர். நியோடிமியம் கலந்த யாக் பளிங்கு (அலைநீளம் 1064 நானோமீற்றர்), அதன் தம்பி வனடேற்று, இற்றர்பியம் கலந்த கண்ணாடி இழையில் ஓடும் ஃபைபர் லேசர், கையில் பிடிக்கும் பச்சை லேசர் பேனா எல்லாம் இதில் அடங்கும். மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் காபனீரொட்சைட்டுக் குழாய் லேசர் வேறு சாதி. அதன் நோய்கள் இங்கே இல்லை.

ஒளி ஆடுகிறது என்று சந்தேகம். முதலில் எதைப் பார்ப்பது?

வேகத்தை. எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். மைக்ரோ செக்கன் கணக்கில் துடித்தால் அது லேசருக்குள்ளேயே பிறக்கும் துடிப்பு. செக்கனுக்கு 100 தரம் என்றால் மின்வழங்கலைப் பிடியுங்கள். நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்னை நேரோட்டமாக மாற்றும்போது வடிகட்டாமல் மிஞ்சும் அலை 100 ஹேர்ட்ஸில்தான் வரும். சில செக்கன்களுக்கோ அரை நிமிடத்துக்கோ ஒருமுறை சீராக ஏறி இறங்கினால், குளிரூட்டி குறித்த வெப்பநிலையைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாகத் தடுமாறுகிறது. இருபது நிமிடம் ஒரே பக்கமாக நகர்ந்துவிட்டு நின்றால் மெஷின் சூடேறுகிறது, அவ்வளவுதான். பகலும் இரவும் வித்தியாசம் என்றால் அறை. மாதக்கணக்கில் இறங்கினால் அழுக்கு அல்லது முதுமை.

ஒரு கொப்பியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், பவர், அறை வெப்பநிலை, சில்லர் (மெஷினுக்குள் ஓடும் நீரைக் குளிர்த்தும் பெட்டி) நீரின் வெப்பநிலை நான்கையும் எழுதுங்கள். முழுநாள் எழுதிய ஒரு பக்கம், திருகாணியோடு மல்லுக்கட்டும் ஒரு வாரத்தைவிடக் கூடச் சொல்லும்.

பவர் மீற்றரே பிழையாக இருக்கலாமா?

தாராளமாக. வெப்பத்தை உணரும் மீற்றர்த் தலை நிலைக்க ஒரு செக்கனோ சில செக்கன்களோ எடுக்கும். வேகமான ஆட்டத்தை அது சராசரியாக்கி மறைத்துவிடும். மெல்லிய காற்றைக்கூட அது ஒளி என்று எண்ணும். கடற்கரைப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, தலைக்குமேல் விசிறியையும் சுழலவிட்டு, முள் நிற்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? லேசர்க் கதிரை மறைத்துவிட்டுப் பாருங்கள். ஒளியே விழாதபோதும் முள் அசைந்தால் குற்றம் மீற்றரில்.

ஆய்வுகூடப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. கதிரின் ஒரு சிறு பங்கை எடுக்கக் கண்ணாடித் தகட்டை 45 பாகையில் வைப்பது வழக்கம். சாதாரணக் கண்ணாடி அந்தக் கோணத்தில் ஒரு முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) ஏறக்குறைய 9 வீதம் தெறிக்கும், மற்றதை 1 வீதம்கூடத் தெறிக்காது. லேசரின் முனைவாக்கம் சற்றே திரும்பினாலும் மொத்த வலு மாறாமலே உங்கள் வாசிப்புத் துள்ளும். தகட்டை 5, 10 பாகைச் சரிவில் வைத்தால் இந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும்.

காலமை நல்லா வேலை செய்யுது, மத்தியானம் பவர் இறங்குது. ஏன்?

கச்சான் வீசும் மாதங்களில் வரும் கேள்வி இது. யாக் பளிங்கு 808 நானோமீற்றர் ஒளியை நன்றாக உறிஞ்சும், ஆனால் அந்த உறிஞ்சல் சில நானோமீற்றர் அகலத்துக்குத்தான். அந்த ஒளியைக் கொடுக்கும் பம்ப் டயோட்டின் அலைநீளமோ ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.3 நானோமீற்றர் நீளும். டயோட் 5 பாகை சூடானால் 1.5 நானோமீற்றர் நகர்ந்துவிடும். டயோட் அதே வலுவைக் கொடுத்துக்கொண்டிருக்கும், பளிங்கு அதில் ஒரு பகுதியை வாங்காமல் விட்டுவிடும்.

டயோட்டைக் குளிர்த்தும் மின்தகடு தான் எடுத்த வெப்பத்தைப் பின்பக்கத்து அலுமினியத் தட்டில் கொட்டவேண்டும். அறை 35 பாகையில், தட்டின் இடுக்கெல்லாம் தூசி, விசிறியோ பாதி வேகத்தில் என்றால் கொட்ட இடமில்லை. கட்டுப்பாட்டுச் சுற்று தன்னால் ஆன மட்டும் இழுத்துவிட்டுக் கைவிடும். சில கடைகளில் சில்லரைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பார்கள். அது விடும் சூடான காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓரடி முன்னுக்கு இழுத்து வைத்ததோடு தீர்ந்த முறைப்பாடுகள் உண்டு.

அப்ப சில்லரை 18 பாகைக்கு இறக்கி வைத்தால் சரிதானே?

வெயில் காலத்தில், மூடிய ஏசி அறையில் சரிவரலாம். மாரியில் செய்தால் மெஷினுக்கு ஆபத்து.

வாடைக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வரும். காற்று 30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்று வையுங்கள். அதன் பனிபடுநிலை 26 பாகை. அதாவது 26க்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். 18 பாகை நீர் ஓடும் டயோட் தாங்கி, பளிங்கின் செப்புப் பிடி, ஆடியின் உலோக வளையம் எல்லாம் ஐஸ் தண்ணீர்ப் போத்தல் மாதிரி வியர்க்கும். வியர்வை ஆடியில் படிந்தால் ஒளி சிதறும், பவர் காரணமில்லாமல் ஏறி இறங்கும். துளி டயோட் முகப்பில் படிந்தால் அந்த டயோட்டை மறந்துவிடுங்கள்.

ஏசி போட்ட அறையில், 25 பாகை, 55 வீத ஈரப்பதனில், பனிபடுநிலை 15 பாகைக்குச் சற்றுமேல். அங்கே 18 பாகை நீர் ஓடலாம். தொல்லை வருவது ஏசியும் சில்லரும் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடும்போது. கடை பூட்டும்போது மின்கட்டணத்துக்குப் பயந்து ஏசியை நிறுத்திவிட்டு, சில்லரை ஓடவிட்டுப் போகிறார்கள். இரவு ஈரக்காற்று உள்ளே வந்ததும் குளிர்ந்த பாகங்கள் நனையும். காலையில் வந்து சுவிட்சைப் போட்டால் ஒளி குழம்பும், மத்தியானத்துக்குள் காய்ந்து தானாகவே சரியாகும். பழுதுபார்ப்பவர் வரும் நேரத்தில் நோயே இருக்காது.

ஒழுங்கு இதுதான்: திறக்கும்போது முதலில் ஏசி, அரைமணி கழித்துச் சில்லர், பிறகு லேசர். மூடும்போது தலைகீழாக. செலவைப் பார்த்து ஈரமானி வாங்காமல் விடாதீர்கள். லேசர்த் தலைக்குள் சிலிக்கா ஜெல் பை இருந்தால் அதன் நிறத்தையும் பாருங்கள். நீல வகை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும்.

கடலுப்பு உண்மையில் லேசர்வரை போகுமா?

போகும். டச்பே ஓரத்தில் நிறுத்தும் சைக்கிளுக்கு வரும் கதி ஆடிக்கும் வரும். உப்புத் துகளுக்கு ஒரு குணம் இருக்கிறது: ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்து துளியாகும், அதைவிட நன்றாகக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டு பக்கமும் போய்வரும். ஆடியில் ஒட்டிய துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. துகளும் அதைச் சுற்றிய அழுக்கும் ஒளியை உறிஞ்சிச் சூடாகினால் பூச்சில் கருகிய புள்ளி விழும். பவர் மெல்ல மெல்ல இறங்குவதும், ஒருநாள் திடீரென்று பாதியாவதும் இப்படித்தான்.

துடைப்பதற்கு முன் ஊதுங்கள், வாயால் அல்ல, ரப்பர்க் குமிழால். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பளிங்கு அரம்போல் கீறும். வில்லைத்தாளில் தூய ஐசோபுரோப்பனோல் அல்லது அசற்றோன் நனைத்து ஒரே திசையில் ஒருமுறை இழுத்து, தாளை எறிந்துவிடுங்கள். சேர்ட் நுனி வேண்டாம்.

பவரைக் குறைத்து வைத்தால் ஆட்டம் கூடுகிறது. தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்?

இல்லை, லேசரின் இயல்பே அதுதான். இதை ஒருமுறை கணக்காகப் பார்த்தால் மறக்காது.

ஒரு லேசர் 5 வாற்று பம்ப் வலுவில்தான் எரியத் தொடங்குகிறது என்று வைப்போம். அதற்குமேல் கொடுக்கும் ஒவ்வொரு வாற்றிலும் 40 வீதம் லேசர் ஒளியாக வெளியே வருகிறது. பம்ப் 6 வாற்று என்றால் தொடக்க மட்டத்துக்குமேல் 1 வாற்று, வெளியே 0.4 வாற்று. இப்போது பம்ப் 1 வீதம், அதாவது 0.06 வாற்று கூடினால் வெளியே 0.024 வாற்று கூடும். 0.4 வாற்றில் அது 6 வீதம். பம்ப் 20 வாற்று என்றால் வெளியே 6 வாற்று. அதே 1 வீத ஆட்டம் வெளியே 0.08 வாற்று, வெறும் 1.3 வீதம். பம்பில் இருந்த ஆட்டம் ஒன்றுதான். தொடக்க மட்டத்தை ஒட்டி ஓடவிட்டதால் ஆறு மடங்காகத் தெரிகிறது.

குறைந்த ஒளி வேண்டுமென்றால் லேசரை அதன் வசதியான இடத்தில் ஓடவிட்டு, வெளியே வரும் கதிரை முனைவாக்கத் தகடு வைத்துக் குறையுங்கள். மெல்லிய வெள்ளிச் சங்கிலிக்கு வெல்டரை 10 வீதத்தில் வைத்துவிட்டு, ஒரு பொட்டு ஒட்டுது மற்றது ஒட்டவில்லை என்று சொல்பவர்களுக்கும் பதில் இதுதான். புள்ளியின் அகலத்தையும் துடிப்பின் நீளத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டு, வோல்ற்றேஜைக் கடைசியாக இறக்குங்கள்.

அப்படியென்றால் எப்போதும் முழு பவரில் ஓட்டலாமா?

அதற்கும் எல்லை உண்டு. 808இல் வாங்கி 1064இல் கொடுக்கும் பளிங்கு, வாங்கியதில் 24 வீதத்தையாவது வெப்பமாக வைத்துக்கொள்கிறது. நடு சூடாக, ஓரம் குளிராக இருப்பதால் பளிங்கு தானே ஒரு வில்லையாகிவிடும். பம்பைக் கூட்டக் கூட்ட அந்த வில்லையின் குவியத்தூரம் குறையும். பளிங்கின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு ஆடிகளுக்கும் நடுவே, அதாவது ரெசொனேற்றருக்குள், ஒளி சிதறாமல் போய்வரும் நிபந்தனை ஓரிடத்தில் முறியும். அதன் விளிம்பில் ஓடினால் பவர் துள்ளும், கதிரின் வடிவமும் வட்டமாக நிற்காது. உற்பத்தியாளர் ஒரு குறித்த பம்ப் வலுவுக்குத்தான் ஆடிகளின் வளைவைத் தேர்ந்திருப்பார். அந்த இடத்தைச் சுற்றியே ஓட்டுவது நல்லது.

பச்சை லேசர் மட்டும் ஏன் இவ்வளவு துடிக்கிறது?

பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. 1064 நானோமீற்றர்க் கதிரை இன்னொரு பளிங்கு, பெரும்பாலும் கே.டி.பி. (KTP) அல்லது எல்.பி.ஓ. (LBO), மீடிறனை இரட்டித்து, அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக்குகிறது. பச்சையின் வலு அகச்சிவப்பு வலுவின் வர்க்கத்தோடு போவதால், வலு குறைவாக உள்ள இடங்களில் உள்ளே 5 வீத ஆட்டம் வெளியே 10 வீதமாகும். இரட்டிக்கும் பளிங்கு ஒரு குறித்த வெப்பநிலையிலும் கோணத்திலும்தான் நன்றாக வேலை செய்யும் என்பது இரண்டாவது கட்டுப்பாடு.

மூன்றாவதுதான் பெயர் பெற்றது. இரட்டிக்கும் பளிங்கை ரெசொனேற்றருக்குள்ளேயே வைத்தால், அங்கே ஓடும் சில மீடிறன்கள் தம்மை இரட்டிப்பதோடு நிற்காமல் ஒன்றோடொன்று கூடியும் பச்சை ஆக்கும். ஒன்று வளர்ந்தால் மற்றதன் இழப்புக் கூடும். இந்த இழுபறியில் ஒளி ஒழுங்கில்லாமல் பெரிதாகத் துடிக்கும். 1986இல் தோமஸ் பேயர் என்பவர் இதை விளக்கி எழுதினார். அதற்குப் பிறகு இத்துறையில் இதற்குப் 'பச்சைச் சிக்கல்' என்றே பெயர். மீடிறனை ஒன்றே ஒன்றாக்குவது ஒரு தீர்வு. ரெசொனேற்றரை நீளமாக்கி மிகப் பல மீடிறன்களை ஓடவிட்டுச் சராசரியில் ஆட்டத்தை மறைப்பது எதிர்த்தீர்வு. இரண்டும் கடையில் கிடைக்கும் மெஷின்களில் உண்டு. நடுவே நிற்கும் மலிவு மெஷின்தான் துடிக்கும்.

ஆடிகள் நிற்கும் முப்பது சென்ரிமீற்றர் நீள அலுமினியத் தளம் ஒரு பாகை சூடானால் 7 மைக்ரோமீற்றர் நீளும். மீடிறன் வரிசை ஒரு படி நகர அரை அலைநீளம், அதாவது 0.53 மைக்ரோமீற்றர் போதும். ஒரு பாகைக்குள் பதின்மூன்று தரம் தாவலாம் என்றாகிறது. கையில் பிடித்த பச்சைப் பேனா சுவரில் மங்கியும் பளிச்சிட்டும் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும்.

மலிவுப் பச்சைப் பேனாவில் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாமலும் விற்கிறார்கள். பச்சை மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் பலமாக வரலாம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அலைகாட்டியில் பார்த்தால், தொடங்கியதும் கூரான முனைகள் வரிசையாக வருகின்றன. பழுதா?

பழுதில்லை. 1960இல் மைமன் முதல் ரூபி லேசரைக் காட்டிய அதே ஆண்டிலேயே பெல் ஆய்வுகூடத்தார் ரூபி ஒளியில் இந்த முனைகளைக் கண்டு எழுதினார்கள். நியோடிமியம் யாக்கில் சேர்த்த சக்தி ஏறக்குறைய 230 மைக்ரோ செக்கன் தங்கும். ரெசொனேற்றருக்குள் ஒளியோ சில நானோ செக்கன்கள்தான் தங்கும். ஒன்று மெதுவாகச் சேர்கிறது, மற்றது நொடியில் தின்கிறது. இறால் விலை ஏறினால் எல்லோரும் இறாலுக்கு இறங்குவார்கள், பிடி குவிந்து விலை விழும், ஒதுங்குவார்கள், மறுபடி ஏறும், அதே கதைதான். ஒளி 10 நானோ செக்கன் தங்கும் யாக் லேசரைத் தொடக்க மட்டத்தின் மூன்று மடங்கில் ஓட்டினால் இந்த ஆட்டம் 150 கிலோஹேர்ட்ஸ் அளவில் வரும். சில நூறு மைக்ரோ செக்கன்களில் அடங்கவேண்டும். அடங்காமல் தொடர்ந்தால் எங்கோ ஒன்று அதைத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. டயோட்டின் மின்வழங்கலில் அந்த மீடிறனில் இரைச்சல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஜெனரேற்றரில் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் நேரடியாக வேண்டாம். சுமை மாறும்போது சிறு ஜெனரேற்றரின் வோல்ற்றேஜும் மீடிறனும் சேர்ந்து அலையும். தூய சைன் அலை தரும் யு.பி.எஸ். நடுவே இருக்கட்டும். சில்லரின் கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் லேசர் துள்ளினால் இரண்டுக்கும் வெவ்வேறு வயர் இழுங்கள். நிலத்தொடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

விளக்கு வைத்த வெல்டரில் பொட்டுக்குப் பொட்டு பலம் மாறுகிறது.

இதில் பளிங்குக்கு ஒளி கொடுப்பது டயோட் அல்ல, விளக்கு. அதன் முனையைப் பாருங்கள். தங்குதனின் துகள் பறந்து கண்ணாடியின் உட்புறம் கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. அடுத்தது நீர். இந்த மெஷின்களுக்கு அயன் நீக்கிய நீர்தான் வேண்டும், ஏனென்றால் விளக்கின் மின்முனைகளைத் தொட்டுக்கொண்டே அது ஓடுகிறது. கரையோரக் கிணற்று நீர் கதவு திறந்து மின்னைக் கூப்பிடும். போத்தல் குடிநீரிலும் கனியுப்பு உண்டு. மின் நீருக்குள் கசிந்தால் துடிப்புத் தவறும், முனை அரிக்கும், கண்ணாடிக் குழாயில் படலம் பிடிக்கும். பச்சைப் பாசி கண்டால் நீரை மட்டும் மாற்றிப் பயனில்லை, வடிகட்டியும் மாறவேண்டும்.

மார்க்கிங் கோட்டில் தொடக்கப் புள்ளி மட்டும் ஆழமாக விழுகிறது.

கியூ-சுவிட்ச் (ஒளியைத் தடுத்துவைத்துத் துடிப்பாகத் திறந்துவிடும் கதவு) மூடியிருந்த நேரத்தில் பளிங்கு முழுதாகச் சேர்த்துவைத்த சக்தி முதல் துடிப்பில் கொட்டுகிறது. முதல் துடிப்பை அடக்கும் அமைப்பு மென்பொருளில் இருக்கும், அதைப் போடுங்கள். துடிப்பு வீதத்தை மிக உயர்த்தினாலும் சீர் கெடும். யாக்கில் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் போனால் அடுத்த துடிப்புக்குள் பளிங்கு நிரம்ப நேரமில்லை, துடிப்பின் சக்தி குறையும். இன்னும் தள்ளினால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாறிமாறி வரத் தொடங்கலாம்.

பித்தளையிலும் வெள்ளியிலும் மட்டும் குழம்புகிறது.

தெறித்த ஒளி லேசருக்குள் திரும்பிப் போகிறது. பொருளை இரண்டு மூன்று பாகை சாய்த்து வையுங்கள். ஒளியை ஒரு பக்கம் மட்டும் விடும் தடுப்பு இல்லாத ஃபைபர் லேசரில் இது டயோட்டையே கொல்லும்.

ஆடித் திருகை நானே திருப்பலாமா?

வேண்டாம். காணொளியில் பார்க்கச் சுலபமாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன எந்தக் காரணமும் திருகில் இல்லை. 1064 கண்ணுக்குத் தெரியாது, விழித்திரைக்குப் போய்ச்சேரும். கண் சிகிச்சைக் கருவி என்றால் மூடியைத் திறக்கும் எண்ணமே வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர் மட்டும்.

பழைய மெஷின் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கரண்ட் கூட்டக் கேட்கிறது. கூட்டிக்கொண்டே போகலாமா?

டயோட் முதுமையடைந்தால் அதே ஒளிக்குக் கூட ஓட்டம் வேண்டும். ஓட்டம் கூடினால் சூடு கூடும், அலைநீளம் 808ஐ விட்டு நகரும், பளிங்கு இன்னும் குறைவாக வாங்கும், நீங்கள் மறுபடி கூட்டுவீர்கள். கூட்டுவதற்கு முன் டயோட் வெப்பநிலையை ஒன்றிரண்டு பாகை இறக்கிப் பாருங்கள், பனிபடுநிலையைத் தாண்டாமல். பவர் திரும்பினால் அலைநீளம்தான் நகர்ந்திருக்கிறது. திரும்பாவிட்டால் ஆடிகளைச் சுத்தம் செய்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் புது டயோட்டுக்கு விலை கேளுங்கள், உற்பத்தியாளர் குறித்த உச்ச ஓட்டத்தை மட்டும் தாண்டவேண்டாம்.